கூட ஒருவர் மட்டும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரியில் தவறு நடக்காமல் நோயாளி தன்னைத் தானே எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்று, இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனத்துக்காக ஒரு பக்கம் எழுதித் தரும்படி தேவாலயத்துப் பங்குச் சுவாமி கேட்டார். என்னிடம் அல்ல, பத்மநாதனிடம். அவர் ஊரில் மருந்தாளராக இருந்தவராம். அவரும் எழுதிக் கொடுத்தார். சனம் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. விமலராணி வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் அது ஒட்டியிருப்பதை என் கண்ணாலேயே கண்டேன். நானும் எத்தனையோ வருடமாகக் கதை எழுதுகிறேன். என் கதையை இதுவரை ஒரு குளிர்பெட்டியும் தாங்கியதில்லை.

அதே விஷயத்தைக் கதையாக எழுதிக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். சம்பவத்தை எங்கள் பங்கில் இருக்கிற அனிற்றா தந்தாள். திருநாள் சாப்பாட்டுக்குப் பங்கு மண்டபத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். தான் துணைக்குப் போன பேனாட்டின் ஒப்பரேஷன் கதையை அவள் சொல்லச் சொல்ல, சுற்றியிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் கதை வாசித்தால் யாரும் கத்தியை வைப்பதில்லை.

ஆகவே அனிற்றாவின் கதையை அவளிடமிருந்து எடுத்து, அவளைப் பிடிக்காத ஒருத்தியின் பக்கம் நின்று எழுதப்போகிறேன். அந்த ஒருத்தி விமலராணி, பேனாட்டின் மனைவி. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மனதுக்குள் நடந்ததாக நான் எழுதுவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடல் அன்று அமைதியாக

(வேண்டாம். கடலுக்கும் பேனாட்டின் குடலிறக்க ஒப்பரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?)

வைத்தியரிடம் செல்லும்போது நோயாளி தாம் உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் தவறாமல்

(இது பத்மநாதன். மனிதர் என் கைக்குள்ளும் புகுந்துவிட்டார்.)

விமலராணிக்கு அனிற்றாவைப் பிடிக்காமல் போனது ஒரு நண்டுக் கறியில் தொடங்கியது.

இது சரி. இதை வைத்துக்கொள்வோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இத்தாலியன் பேச நன்றாகத் தெரிந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப்போனால் காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்து ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அனிற்றா சின்ன வயதிலேயே இங்கே வந்து இங்கேயே படித்தவள். ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறாள். வைத்தியர்களோடு கதைப்பது அவளுக்குக் கைவந்த காரியம். பிரான்காச்சோவில் அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் எப்போதும் யாரோ ஒருவருடைய கறி இருக்கும்.

பேனாட் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் சமையல்காரர். ஒரேத்தோவில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்தால் அகப்பையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அப்படிப்பட்டவர், அனிற்றா முதல் தடவை கூடப்போய் வந்ததும், சந்தையில் நண்டு வாங்கிவந்து, முருங்கையிலைக்கு அலைந்து, தானே நின்று கறி வைத்தார். சட்டியோடு அது அனிற்றா வீட்டுக்குப் போனது, விமலராணிக்கு ஒரு கால்கூட மிஞ்சவில்லை.

"எனக்கு ஒரு நாளாவது உப்பிடி வைச்சுத் தந்திருக்கிறீங்களோ?"

"நீர் என்னோடை ஆஸ்பத்திரிக்கு வந்து கதைச்சனீரோ?" என்று பேனாட் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனாலும் அது உள்ளே போய்த் தைத்தது.

3

பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பேனாட்டுக்கு அடிவயிற்றில் ஹேர்னியா, அதுதான் குடலிறக்கம், வந்திருந்தது. ஒப்பரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் பரிசோதனைக்கு வரச்சொன்னார்கள். மூன்று பேரும் போனார்கள். வாசலில் நின்றவன், நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றான்.

பேனாட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அனிற்றா வரட்டும். நீர் இஞ்சை இரும்."

விமலராணி இருந்தாள். கதவு சாத்தப்பட்டது. தன் கணவனின் வயிற்றைப் பற்றிப் பேச இன்னொருத்தி உள்ளே போகிறாள், கட்டியவள் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா என்று அவளுக்குத் தோன்றியது. (எனக்கும் தோன்றியது. அதனால்தான் அவள் பக்கம் நிற்கிறேன்.)

அனிற்றா வெளியே வந்து சொன்னாள்.

"ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டினம் அக்கா. அண்ணை ஊர்க்குளிசை எடுக்கிறார் எல்லோ, இரத்தம் கட்டாமல் இருக்கிறதுக்கு. அதை நிப்பாட்டி, கொஞ்ச நாள் கழிச்சு வரட்டாம். இல்லாட்டி வெட்டேக்கை இரத்தம் நிக்காதாம். நல்ல காலம், முதலே சொன்னது."

"என்ன குளிசை?"

அனிற்றாவின் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

அந்தக் கேள்வியை விமலராணி இன்றுவரை மன்னிக்கவில்லை.

நடந்தது இதுதான். மன்னாரில் பேனாட்டின் அண்ணன் நெஞ்சுவருத்தத்தில் இறந்துபோனார். அவருக்கு எழுதிக் கொடுத்த குளிசை பெட்டி பெட்டியாக மிஞ்சிக் கிடந்தது. விலை கூடின மருந்து, குப்பையில் போட மனம் வராமல், அண்ணி கிளறா இங்கே வந்த யாரிடமோ கருவாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். உங்கள் பரம்பரைக்கு நெஞ்சு பிழை, நீங்களும் போடுங்கோ என்று சொல்லியும் அனுப்பினாள். பேனாட்டும் போட்டார். வைத்தியர் கேட்டால் அதை மருந்தென்று சொல்ல அவருக்குத் தோன்றியிருக்காது. அவருக்கு அது வீட்டுச் சாமான், அண்ணர் விட்டுப்போனது.*

* பத்மநாதனின் தாளில் "ஊரிலிருந்து வரும் மருந்துகளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்" என்று இருக்கிறது. "செத்தவரின் மருந்தையும்" என்று இல்லை. இந்த ஒரு இடத்தில் நான் அவரை வென்றுவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது விமலராணி வாய் திறந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கிளறா அண்ணி அனுப்பினது எண்டால் நீர் துள்ளுவீர். அதுதான் கடையிலையே வைச்சு எடுத்தனான்."

"அப்ப அவளுக்கு மட்டும் ஏன் சொன்னனீங்கள்?"

"அவள் கேட்டவள். குளிசை, எண்ணெய், கசாயம், ஊர்ச் சாமான் என்னெண்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கோ அண்ணை எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவள். நீர் ஒரு நாளாவது கேட்டனீரோ?"

விமலராணி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கேட்கவில்லைதான்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். அனிற்றாவை நான் கொஞ்சம் கெட்டவளாக்க விரும்பினேன். அதற்காக இப்படி எழுதிப் பார்த்தேன்:

அனிற்றா கூந்தலை ஒதுக்கியபடி பேனாட்டைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு

நிறுத்திவிட்டேன். அவள் அப்படிப் பார்க்கிறவள் இல்லை. அவளுக்குப் பிறின்ஸ் என்று ஒரு கணவன் இருக்கிறான். இருவரும் ஊரே பார்க்கும்படி சந்தோஷமாக இருக்கிறார்கள். பேனாட்டுக்கோ தலை முழுக்க நரை, பேச்சு முழுக்க மீன். இதில் கள்ளத்தொடர்பை நுழைத்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

அவளிடம் ஒரு பிழையாவது இருந்திருந்தால் விமலராணிக்கும் எனக்கும் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! பொறாமைப்பட ஒரு நியாயமும் இல்லாத ஆள்மேல் பொறாமைப்படுவது பெரிய வேதனை. யாரிடமும் சொல்லி அழவும் முடியாது.

பேனாட்டை அனிற்றா எடுத்துக்கொண்டுபோய்விடுவாள் என்ற பயம் விமலராணிக்கு ஒருபோதும் இல்லை. அவளுக்கு எரிந்தது வேறு. அவர் எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை விடுவார், எந்தப் பல்லால் கடிப்பார், எல்லாம் தனக்குத் தெரியும் என்று இருந்தாள். அவர் தினமும் வாயில் போட்ட ஒன்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இன்னொருத்தி ஒரு காலையில் கேட்டு அறிந்துகொண்டாள்.

5

ஒப்பரேஷன் நாள். திரும்பவும் மூன்று பேர், திரும்பவும் ஒரு கதவு. இம்முறை பேனாட் சொல்லவும் இல்லை. அனிற்றா விமலராணியைப் பார்த்தாள். விமலராணி போய்க் கதிரையில் இருந்தாள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. அனிற்றா அவசரமாக வந்தாள்.

"அக்கா, மருந்து ஏதும் முந்தி ஒத்துவராமல் போனதோ எண்டு கேக்கினம். அண்ணை இல்லவே இல்லை எண்டுறார். இப்ப ஊசிமருந்து ஒண்டு ஏத்தப்போகினம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

விமலராணிக்குத் தெரியும்.

கலியாணம் முடிந்த புதிதில், ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், காய்ச்சலுக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் பேனாட்டின் கண் மூடி, உதடு தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவருக்கு நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள். கத்தி ஆட்களைக் கூப்பிட்டதும் அவள். பிறகு பலமுறை சொல்லியும் அவர் நம்பவில்லை. "அது காய்ச்சல் வீக்கம்" என்று தள்ளிவிடுவார். அவர் உடம்பைப் பற்றி இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதையும் அனிற்றா இப்போது வந்து கேட்கிறாள்.

6

இங்கேதான் நான் பல நாள் நின்றுவிட்டேன். மூன்று விதமாக எழுதினேன்.

(அ) விமலராணி உடனே எழுந்து, "ஓம், பெனிசிலின் ஒத்துவராது" என்றாள். அனிற்றா உள்ளே போய்ச் சொன்னாள். எல்லாம் நன்றாக நடந்தது.

பொய். அவ்வளவு நல்லவளாக இருந்தால் அவளை நான் ஏன் எழுத வேண்டும்? இது குளிர்பெட்டியில் ஒட்டத்தான் சரி.

(ஆ) "அவர் இல்லையெண்டால் இல்லைத்தானே. எனக்கென்ன தெரியும், உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றாள் விமலராணி. அனிற்றா உள்ளே போனாள். மருந்து துளித்துளியாக இறங்கியது. பேனாட்டின் உதடு தடிக்க

நிறுத்தினேன். அது எழுத இனித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தெரிந்த அனிற்றா ஒரு தடவையாவது பிழை விட்டாள், அவள் வாயாலேயே பிழை போனது, எல்லோரும் பார்க்கட்டும்! ஒரு பந்தி முழுக்க அந்த ருசியில் எழுதினேன். பிறகு பார்த்தால் கட்டிலில் கிடப்பது பேனாட். நண்டுக் கறி வைக்கிற கை. கிழித்துப் போட்டேன்.

(இ) மண்டபத்தில் அனிற்றா சொன்னது ஒரே வரிதான். "அக்கா கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தான் சொன்னவ." அந்தக் "கொஞ்சம்" என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் என் முழுக் கதையும். அனிற்றாவுக்கு அது ஒரு சொல். கடந்து போய்விட்டாள். நான் போகமாட்டேன்.

விமலராணி தலைகுனிந்தாள். உதட்டைக் கடித்தாள். கைப்பையின் பிடியை முறுக்கினாள். சொன்னால் இதுவும் அனிற்றாவுடையதாகிவிடும். உள்ளே போய் நல்ல இத்தாலியனில், அழகாக, பொறுப்பாகச் சொல்வாள். வைத்தியர் மெச்சுவார். பேனாட் மெச்சுவார். இன்னொரு நண்டுக் கறி. சொல்லாவிட்டால்...

"தெரியாது எண்டால் பரவாயில்லை அக்கா. நான் இல்லையெண்டு சொல்லிவிடுறன்."

அனிற்றா திரும்பினாள். நடந்தாள். கதவின் பிடியில் கை வைத்தாள்.

"நில்லடி!"

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் நின்றுவிட்டார்கள்.

"நீ சொல்லாதை. நான்தான் சொல்லுவன். கண்டது நான்."

வாசலில் நின்றவன் கையை நீட்டித் தடுத்தான். ஒருவர்தான், ஒருவர்தான் என்றான். விமலராணி அவன் தோளுக்கு மேலால் உள்ளே நின்ற தாதியைப் பார்த்துக் கத்தினாள். அவளுடைய இத்தாலியன், வேலைக்குப் போகிற வீட்டு அம்மா, சிஞ்ஞோராவிடம் பொறுக்கிய வீட்டுவேலை இத்தாலியன். தரை, யன்னல், இஸ்திரி, அடுப்பு, "சரி சிஞ்ஞோரா". வீங்குவதற்கு என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பெனிசிலினுக்கு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே பெயர்.

"பெனிசிலின் நோ! பெனிசிலின் நோ!"

பிறகு கன்னத்தை ஊதிக் காட்டினாள். கண்ணை விரலால் மூடிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிஞ்ஞோராவின் சமையலறையில் ஈரத்துணி போட்டு மூடி வைக்கிற மா ஞாபகம் வந்தது. என் புருஷன் பீட்சா மா மாதிரி, இரவு முழுக்க வைத்த மா மாதிரி என்று, தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னாள். தொண்டையைப் பிடித்து, மூச்சு இல்லை, மூச்சு இல்லை என்றாள்.

தாதி சிரிக்கவில்லை. கையிலிருந்த மருந்தை அப்படியே திருப்பிப் பெயரை வாசித்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மருந்தோடு வந்தாள். பேனாட்டின் மணிக்கட்டில், மருந்து ஒத்துவராதவர் என்று காட்டும் சிவப்புப் பட்டி ஒன்றைக் கட்டினாள். வாசலைப் பார்த்து விமலராணிக்குத் தலையசைத்தாள்.

"நல்ல வேலை செய்தீங்கள் அக்கா" என்றாள் அனிற்றா.

அதையும் அவளே சொல்ல வேண்டுமா?

7

நல்ல எழுத்தாளர் என்றால் இங்கே நிறுத்தியிருப்பார். மனைவி வென்றாள், கணவன் பிழைத்தான், பத்மநாதனின் தாளில் உள்ளதெல்லாம் கதைக்குள் வந்துவிட்டது. கேளுங்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள், வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். மனிதரை வெல்லப் புறப்பட்டு அவர் தாளையே விரித்து எழுதியிருக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் அவருடைய முதல் அறிவுரை இன்னும் மிச்சமிருக்கிறது. "நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்." ஒருவரை! அந்த ஒருவர் யார் என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மருந்தாளருக்கு அது போதும்.

ஒப்பரேஷன் முடிந்து பேனாட்டை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அரை மயக்கம். வைத்தியர் வந்து எந்த மருந்து எப்போது, எதைத் தூக்கக்கூடாது, என்ன நடந்தால் ஓடிவர வேண்டும் என்றெல்லாம் விளக்கப்போகிறார் என்றார்கள். ஒருவர் வரலாம்.

"நீங்கள் போங்கோ அக்கா" என்றாள் அனிற்றா. "அண்ணை முழிக்கேக்கை நீங்கள்தானே பக்கத்திலை நிக்கவேணும்."

விமலராணி இரண்டு அடி வைத்தாள். நின்றாள். உள்ளே போனால் பேனாட்டின் முகம் கிடைக்கும். வைத்தியர் சொல்வது ஒன்றும் விளங்காது. சரி டொக்டர், சரி டொக்டர் என்று தலையாட்டிவிட்டு வருவாள். நம்முடைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுகிறோம், அதன் பிறகு எந்தக் குளிசை காலைக்கு, எது இரவுக்கு என்று தெரியாமல் வீட்டில் விழிக்கிறோம். பேனாட்டுக்கு அது போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. அனிற்றாவை அனுப்பவும் அவளால் முடியவில்லை. சத்தியமாக முடியவில்லை.

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"எனக்கு அடி" என்றாள் அனிற்றாவிடம். "கட் பண்ணாமல் வைச்சிரு."

இப்படியாக விமலராணி தன் கையாலேயே அனிற்றாவின் குரலைச் சுமந்துகொண்டு உள்ளே போய், பேனாட்டின் தலையணைக்குப் பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிப் பிடித்தாள். வைத்தியர் போனைப் பார்த்துக் கதைத்தார். கதவுக்கு அப்பால் நின்ற அனிற்றா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். விமலராணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், அனிற்றா திருத்தினாள். வைத்தியர் கைகொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பேனாட்டின் இமை அசைந்தது. கண் திறக்கவில்லை. உதடு திறந்தது.

"அனிற்றாவோ?" என்றார்.

விமலராணியின் பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

அந்த நேரம் பார்த்துப் போன் கத்தியது. "அக்கா, கட் பண்ணிப்போடாதேங்கோ! ஒண்டு கேக்க மறந்துபோனம். அந்த ஊர்க்குளிசையை அண்ணை இனி எடுக்கலாமோ, கூடாதோ? டொக்டர் நிக்கிறாரோ?"

வைத்தியர் அடுத்த கட்டிலில் விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்புவார். இன்னும் சற்று நேரத்தில் போய்விடுவார். பேனாட் கண் மூடியபடி அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அனிற்றா மண்டபத்தில் ஒரு முடிவு சொன்னாள். அதில் அவளும் நல்லவளாக இருந்தாள், விமலராணியும் நல்லவளாக இருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். வேறு எழுத உட்கார்ந்தால் என் விரலும் அந்தப் பொத்தானுக்கு மேலேயே போய் நிற்கிறது.

நான் என்றால் தொடர்பை வெட்டியிருப்பேன். அதனால்தான் போனை உங்கள் கையில் தருகிறேன். வைத்தியர் போகப்போகிறார். கெதியாகச் சொல்லுங்கள்.